வாயை முகர்ந்தவள்

என்னை அடித்தவர்கள் நிறைய பேர். அப்பன் அடித்தான். புருஷன் அடித்தான். இறால் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவன் ஒருமுறை கை ஓங்கினான், அவனைத் திருப்பி அடித்துவிட்டு வேலையை விட்டேன். இவர்களைப் பற்றியெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. அடிப்பதற்கு முன்னால் என் வாயை முகர்ந்து பார்த்தவள் ஒருத்திதான். அவளைப் பற்றி எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் கடலைப் பார்த்த ஒரு தெருவில் அந்த வீடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்துக் குடியை விட்ட பெண்கள் நேராகத் தங்கள் வீட்டுக்குப் போனால் மறுபடி குடிப்பார்கள். அதனால் சில மாதம் இங்கே தங்கி, வேலைக்குப் போய் வந்து, பழகிக்கொள்ள ஒரு டிரஸ்ட் நடத்தும் வீடு. போர்டில் ஏதோ அழகான பெயர் எழுதியிருக்கும். தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'குடிகாரிங்க வூடு' என்றால் ஷேர் ஆட்டோக்காரன் சரியாகக் கொண்டுவந்து இறக்குவான். அதே தெருவில் வீட்டுக்கு ஒரு குடிகாரன் இருந்தான். அந்த வீடுகளுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

அவள் அங்கே வார்டன். முன்னால் அக்கா என்போம். பின்னால் மோப்பம் என்போம். அவளுக்கும் அது தெரியும். "மோப்பம் வந்துகினு கீதுடி, பத்திரம்" என்று அவளே சத்தமாகச் சொல்லிக்கொண்டு படியேறுவாள்.

கறுத்த, தோள் அகன்ற பொம்பளை. காசிமேட்டில் பல வருஷம் மீன் விற்றவள். மூக்கு இடது பக்கம் வளைந்திருக்கும். எலும்பு உடைந்து, வைத்தியம் பார்க்காமல், கோணலாகவே கூடிய மூக்கு. யார் உடைத்தது என்று ஒருமுறை கேட்டேன். "அவன் செத்துட்டான், வுடு" என்றாள். தானும் ஒரு காலத்தில் குடித்தவள் என்பதை மறைக்கவில்லை. எப்படி விட்டாள் என்று மட்டும் சொன்னதே இல்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வருவோம். இறால் உரிக்கிறவள், கன்டெய்னர் யார்டில் பெருக்குகிறவள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், எல்லோரும் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருத்தியாகத்தான் நுழையலாம். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி கட்டைவிரலைத் தாடைக்கு அடியில் கொடுத்து முகத்தை நிமிர்த்துவாள். "வாயத் தொற. ஊது." கண்ணை மூடிக்கொண்டு மூக்கை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவருவாள். பிறகு 'போ' என்பாள், இல்லை அறைவாள். இரண்டுக்கும் நடுவே வேறு எதுவும் கிடையாது.

அறை விழுந்தால் தெருதான். உன் பை உள்ளே இருக்கும், நீ வெளியே இருப்பாய். கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாட போனப்பால வா" என்பாள். வாடை போனால் உள்ளே வரலாம், அந்த வீட்டுச் சட்டம் அவ்வளவுதான்.

மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் தெரு முழுக்க ஒரு மாதிரி நாறும். அந்த நாட்களில் இரண்டு முறை முகர்வாள். "காத்து கலீஜா கீது. ஒருத்திய சும்மா அடிச்சிட்டேன்னு இருக்கக் கூடாது பாரு." தன் மூக்கின்மேல் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. தெருவிலும் அந்தப் பெருமை பரவியிருந்தது. புருஷன் குடித்தானா இல்லையா என்று சண்டை வந்தால், பக்கத்து வீட்டுக்காரி அவனை எங்கள் கேட்டுக்கு இழுத்துக்கொண்டு வருவாள். இவள் முகர்ந்து தீர்ப்புச் சொல்வாள். அதற்கு அப்பீல் கிடையாது.

ஏமாற்றாதவர்கள் யாருமில்லை. ஏலக்காய் மெல்லுவோம். பச்சை வெங்காயம் தின்போம். ஒருத்தி கருவாட்டை அப்படியே கடித்துக்கொண்டு வந்தாள். அவளை முகர்ந்துவிட்டு அக்கா சிரித்தாள். "கருவாடு காசிமேட்டுது. சரக்கு தண்டையார்பேட்ட கடைது. சரியாடி?" சரிதான் என்று அவள் தலையாட்டினாள். அப்புறம் விழுந்தது அறை. "மீனு பொய் சொல்லாதுடி. கெட்டுப்பூட்டா கெட்டுப்பூட்டேன்னு நாறும். பொம்பள ஜென்மம்தான் ஏலக்கா போட்டுகினு வரும்."

நான் வந்த முதல் நாளே அறை வாங்கினேன். என் தங்கை என்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தாள். பஸ் மாறும் இடத்தில் டாய்லெட்டுக்குப் போவதாகச் சொல்லி ஒரு கட்டிங் அடித்துவிட்டு வந்திருந்தேன். கேட்டில் அக்கா என்னை முகர்ந்தாள். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அறைந்த வேகத்தில் என் கம்மல் கழன்று சாக்கடையில் விழுந்தது. தங்கை அழுதாள். அவள் தங்கையைப் பார்த்து, "நீ ஏன்மா அழுவுற? உன் கையில அடி வாங்கியிருந்தா இங்க வந்திருக்க மாட்டா" என்றாள். மறுநாள் வாடை இல்லாமல் போனேன். சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டாள். கம்மலைக் கழுவி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். சாக்கடையில் கையை விட்டு அவளே தேடியிருக்கிறாள்.

இதைப் படித்துவிட்டு அவளை நல்லவள் என்று முடிவுகட்ட வேண்டாம். அடிக்கும்போது அவள் முகத்தில் ஒரு ருசி தெரியும். அது எனக்குத் தெரிந்த முகம். என் அப்பனிடம் பார்த்திருக்கிறேன்.

என் புருஷன் வந்த நாளைச் சொல்ல வேண்டும். அவன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். கேட்டுக்கு வெளியே நின்று என் பெயரைக் கூப்பிட்டான். கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. கம்பிக்குள் கையை விட்டு ஒரு குவார்ட்டர் பாட்டிலை நீட்டினான். "உனுக்குத்தான் வாங்கியாந்தேன் கண்ணு. இதுங்களாண்ட இன்னாத்துக்குக் கெடக்குற? வா, வூட்டுக்குப் போலாம்."

அடித்து இழுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பாட்டிலைப் பார்த்ததும் என் கால் நடந்தது. படியில் இறங்கிக் கேட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டேன். கையும் நீட்டிவிட்டேன்.

முதல் அடி எனக்குத்தான் விழுந்தது. அக்கா என் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்துச் சுவரில் மோதினாள். பிறகு கேட்டுக்குக் குறுக்கே போடும் இரும்புப் பைப்பை எடுத்து, கம்பிக்குள் நீண்டிருந்த அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அலறினான். பாட்டில் தரையில் உடைந்தது. அவள் கம்பிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய், "வாயத் தொறடா, நீ எவ்ளோ ஊத்திகினு வந்தேன்னு பாக்கலாம்" என்றாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

அப்புறம்தான் மோசம். வாசல் முழுக்க பிராந்தி வாடை. மாடியிலிருந்து எல்லோரும் இறங்கி வந்து படியில் நின்றுவிட்டார்கள். எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அக்கா பினாயில் கேனை எடுத்துக் கவிழ்த்து, துடைப்பத்தை எங்கள் கையில் திணித்து, தேய்க்கச் சொல்லி முதுகில் உதைத்தாள். உதைத்துக்கொண்டே அவளும் மூச்சை இழுத்தாள். நான் பார்த்தேன்.

டிரஸ்டிலிருந்து ஒரு கவுன்சலர் மேடம் வாரம் ஒருமுறை வருவார். நல்ல பொம்பளை. அடிக்கக் கூடாது என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். கடைசியில் போலீஸ்காரர்கள் வைத்திருப்பது போல, வாயால் ஊதிப் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். "இனிமே இதை யூஸ் பண்ணுங்கம்மா. உங்களுக்கும் சங்கடமில்லை, அவங்களுக்கும் அசிங்கமில்லை."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது குடிச்சிருக்குமா மேடம் எப்பனா?"

"மெஷின் எப்படிம்மா குடிக்கும்?"

"அப்பால அதுக்கு இன்னா தெரியும்?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மேடமும் சிரித்துவிட்டார். மெஷின் பீரோவுக்குள் போனது. அதிலிருந்த பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டாள்.

கோமதி அந்த வீட்டுக்கு வந்தது இதற்குப் பிறகு. சடையங்குப்பத்துப் பெண். ஒல்லி. மாத்திரையும் குடியும் சேர்ந்து அவளைக் கெடுத்திருந்தன. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, மாமியாரிடம் இருந்தது. இந்த வீட்டில் ஒழுங்காக இருந்து வெளியே வந்தால்தான் பிள்ளையைக் கண்ணில் காட்டுவேன், ஒருமுறை வாடை வந்தது என்று கேள்விப்பட்டாலும் அதோடு மறந்துவிடு என்று மாமியார் சொல்லியிருந்தாள். கோமதி ஏலக்காய்கூடத் தின்ன மாட்டாள். சந்தேகம் வந்துவிடும் என்று பயம். கேட்டில் வரிசைக்கு முன்னால் போய் நின்று, கேட்காமலே வாயைத் திறப்பாள். அக்காவுக்கு அவள்மேல் உயிர். "இவ ஒருத்தி தேறுவாடி. நீங்கள்லாம் வேஸ்ட்டு" என்பாள்.

நான் வேலை பார்த்த இறால் ஷெட்டில்தான் அவளையும் சேர்த்துவிட்டேன். வேலைக்கு நடுவே ஓயாமல் தண்ணீர் குடிப்பாள், ஓயாமல் பாத்ரூம் போவாள். இளைத்துக்கொண்டே போனாள். குடியை விட்டால் ஊதின உடம்பு வற்றும், எங்களுக்குத் தெரிந்ததுதான். அப்படித்தான் நினைத்தோம். பிறகு காய்ச்சல் வந்தது. வாந்தி எடுத்தாள். படு என்றேன். "லீவு போட்டா குடிச்சிட்டுப் படுத்துகினேன்னு நெனைப்பாங்கக்கா" என்று வேலைக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தே வந்தாள். மூச்சு வேகமாக, ஆழமாக இருந்தது. இறங்கும்போது கால் தடுமாறியது. பேச்சு குழறியது. கேட்டில் அக்கா அவள் முகத்தைத் தூக்கினாள். மணலிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அதனால் இரண்டு முறை முகர்ந்தாள்.

அக்கா முகம் மாறியதை நான் பார்த்தேன். கோபமாக இல்லை, ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"பழம் போட்டுக் காச்சுனது" என்றாள் மெதுவாக. "அழுகுன பழம். எங்க ஆத்தா காலத்துச் சரக்கு. இப்ப யாருடி காச்சுறா இத்த? எங்க கெடச்சிச்சி உனுக்கு?"

"இல்லக்கா..." என்றாள் கோமதி. நாக்கு புரளவில்லை.

அக்கா அடித்ததுபோல் யாரும் அடித்து நான் பார்த்ததில்லை. என் புருஷனும் அடித்ததில்லை. நம்பினவள் ஏமாற்றினாள் என்ற ஆத்திரம். கன்னத்தில், தலையில், முதுகில். கோமதி விழுந்த பிறகு முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தாள். நான் நடுவில் பாய்ந்தேன். "என்கூடவேதான்க்கா இருந்தா! காலைலேர்ந்து என் கண்ணெதிர்லதான் கீறா! குடிக்கலக்கா!" புறங்கையால் என் வாயில் ஒன்று போட்டாள். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் விழுந்தது. "நீயும் கூட்டா?" என்று கேட்டு என்னை உள்ளே தள்ளிக் கேட்டைப் பூட்டினாள்.

கோமதி தெருவில் கிடந்தாள். மூச்சு மட்டும் துருத்தி மாதிரி வந்துகொண்டிருந்தது. தெருவில் இருந்தவர்கள் கூடி நின்று சிரித்தார்கள். ஒருவன் போனில் படம் எடுத்தான். "குடிகாரி மட்டையாயிட்டா மாமு" என்றான். அவன் வாயை யார் முகர்ந்தது?

"சாவியக் குடுக்கா."

"வாட போனப்பால தொறப்பேன்."

நான் இரும்புப் பைப்பை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அடிக்க மாட்டேன் என்று நினைத்திருப்பாள். தோளில் போட்டேன். கை தொங்கிவிட்டது. இன்னொரு கையால் என் கழுத்தைப் பிடித்தாள். கையைக் கடித்தேன். இரண்டு பேரும் அந்த வாசலில் நாய்கள் மாதிரி புரண்டோம். மற்றவர்கள் மேலே விழுந்து அவளை அமுக்கினார்கள். அவள் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கினேன்.

ஆஸ்பத்திரியிலும் முதலில் அதேதான். குடிகாரிகள் வீட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் ஸ்ட்ரெச்சரை ஓரமாகத் தள்ளினார்கள். போதை தெளியட்டும் என்றார்கள். நான் வாயில் ரத்தத்தோடு கத்தினேன். ஒரு நர்ஸ் என் கத்தலை நிறுத்துவதற்காகவே கோமதியின் விரலைக் குத்தி சர்க்கரை பார்த்தார். அந்தச் சின்ன மெஷினில் எண்ணே வரவில்லை. அது காட்டக்கூடிய அளவைத் தாண்டிவிட்டதாம். அப்புறம் ஓடினார்கள்.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சர்க்கரை நோய் முற்றி, உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொண்டிருந்தது. அப்படி எரியும்போது மூச்சில் அழுகிய பழ வாடை வரும். நடை தள்ளாடும், நாக்கு குழறும். அவள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தெருவில் கிடந்திருந்தால் செத்திருப்பாள்.

மறுநாள் அக்கா வந்தாள். கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். "சக்கரையா?" என்றாள். கோமதியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "சக்கரையாடி?" என்றாள். கோமதி கண் திறக்காமல் கிடந்தாள். அக்கா குனிந்து அந்த வாயை முகர்ந்தாள். ரொம்ப நேரம் முகர்ந்தாள். நர்ஸ் திட்டினார். எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்டில் நின்றாள், ஆனால் முகரவில்லை. நாங்கள் வாயைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போ" என்பாள். மூன்றாம் நாளே ஒருத்தி குடித்துவிட்டு வந்தாள். தெருமுனையிலேயே வாடை தெரிந்தது. அவளையும் "போ" என்றாள். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு பேர் குடித்தார்கள். வீடு எங்கள் கண் முன்னால் சரிந்தது.

கோமதி பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த போன் படம் சடையங்குப்பத்துக்குப் போய்விட்டது. பிள்ளை கிடையாது என்று மாமியார் சொல்லியனுப்பினாள். அதைக் கேட்டதும் அக்கா, தொங்கிய கையோடு பஸ் ஏறி அந்தப் பொம்பளையைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அவ குடிக்கலம்மா. சக்கர நோவுன்னு டாக்டரு சொன்னாரு. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்" என்றாள் வாசலில் நின்று. அவள் வாயிலிருந்து 'தப்பு' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

மாமியார் எழுந்திருக்கவில்லை. "ஏம்மா, உன் மூக்கு தப்பாதுன்னு ஊரே சொல்லுது. அத்த நம்பித்தான அவள அங்க வுட்டேன். அன்னிக்கு மோந்தப்ப குடிச்சா, இன்னிக்குக் குடிக்கலையா? அவ பாவம்னு பொய் சொல்ல வந்தியா?"

அந்த மூக்கைப் பொய் என்று சொல்ல அக்காவிடம் சாட்சி ஒன்றும் இல்லை. திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலிருந்து நடுவிலேயே இறங்கினாள். "நீ போ, வரேன்" என்றாள்.

கோமதியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாள். ஊசி மருந்தும் சீட்டும் பையில் இருந்தன. அக்கா கேட்டில் நின்றாள். கோமதி பழக்கத்தில் முகத்தைத் தூக்கி வாயைத் திறந்தாள். அக்கா அவள் வாயை மூடினாள். குனிந்து தன் வாயைத் திறந்தாள்.

"நீ மோந்து பாரு."

கோமதி பயந்து பின்வாங்கினாள்.

"மோந்து பாருடி."

அவள் முகர்ந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. பிராந்தி.

"வாட வர்தா?"

"வர்துக்கா."

"அப்பால இன்னா? அடி."

கோமதி அழுதாள். அடிக்க முடியாது என்றாள். அக்கா என் பக்கம் திரும்பினாள். "இவ அடிக்க மாட்டா. நீ அடி. உனுக்குத்தான் என்னாண்ட கணக்கு கீது."

அடித்தேன். கை முழுவதையும் வீசி அடித்தேன். பல்லுக்காக அடித்தேன், கோமதிக்காக அடித்தேன், அக்கா குடித்ததற்காக எல்லாவற்றையும்விட வேகமாக அடித்தேன். அந்தக் கோணல் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவள் அசையவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், கேட்டை அவளே இழுத்துச் சாத்தினாள்.

"பூட்டு."

பூட்டினேன்.

கோமதியின் மாமியாரைக் கவுன்சலர் மேடம் டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போய்ப் பேச வைத்தார். டாக்டர் வாயால் கேட்ட பிறகு பிள்ளையைக் காட்டினாள், கொஞ்ச நாளில் கொடுத்தும் விட்டாள். கோமதி இப்போது பிள்ளையோடு தனியாக இருக்கிறாள். தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள்.

அந்த வீட்டு வாசலில் இப்போது நான் நிற்கிறேன். மெஷினுக்குப் பேட்டரி போட்டாயிற்று. சர்க்கரை பார்க்கும் மெஷினும் வாங்கி வைத்திருக்கிறோம். தள்ளாடிக்கொண்டு வருகிறவளுக்கு முதலில் விரலைக் குத்துகிறேன். அக்காவைக் காசிமேட்டில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் விழுந்து கிடக்கப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். போனேன். இல்லை. எண்ணூர் பக்கம் என்றார்கள். அங்கேயும் போனேன், இல்லை. வாடை போனால் வரலாம் என்பது அவளே போட்ட சட்டம். வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவள் பை அலமாரியில் இருக்கிறது. வரட்டும். அவளுக்கு மெஷின் கிடையாது. தாடையைத் தூக்கி நானே முகர்ந்து பார்ப்பேன். வாடை வந்தால் அறைவேன். அறைந்து, முடியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டு, அப்புறம் பூட்டுவேன்.